ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தேவையா?

கரிசல்காட்டான்:
எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இப்போது ஒன்பது பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பையன். அவன் யாரோடு போட்டி போட்டுப் படிப்பான்? கபடிக்கு இரண்டு அணி தேறாது. பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்றால் ஊரில் அடிக்க வருகிறார்கள்.

மேட்டுத்தெரு:
வரத்தான் செய்வார்கள். 1 கி.மீ.க்குள் தொடக்கப் பள்ளி இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதி சொல்வது சும்மாவா? ஆறு வயதுப் பிள்ளை தனியாக நெடுஞ்சாலையைக் கடந்து போகுமா? விடிவதற்குள் களையெடுக்கப் போகிற தாய்தான் கூட்டிக்கொண்டு போவாளா? 2023 ஆகஸ்ட் முதல் காலை உணவும் பள்ளியிலேயே கிடைக்கிறது. பள்ளி தள்ளிப்போனால் அந்தச் சோறும் தள்ளிப்போகும்.

கரிசல்காட்டான்:
சோறு போட சமையற்கூடம் போதும் ஐயா. நான் படிப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஒரே அறையில் ஐந்து வகுப்பையும் உட்கார வைத்து என்ன நடத்த முடியும்?

சாக்பீஸ்:
இப்படிப்பட்ட பள்ளியில்தான் நான் வேலை பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கிற அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்த்து அல்ல, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பயிற்சி தருகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் குறையில்லை. ஒன்பது பேர் என்றால் ஒவ்வொருவர் நோட்டையும் தினமும் பார்க்க முடிகிறது.

எங்கள் தொல்லை வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம். பதிவேட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போய்விடுவார். மிச்சமிருப்பவர் ஒரு கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்ற வேண்டும், மறு கையில் பாடம் நடத்த வேண்டும். இதைச் சரிசெய்யாமல் எந்தப் பள்ளியை எதனோடு இணைத்து என்ன பயன்?

மேட்டுத்தெரு:
பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மூன்றரை வயதில் தனியார் பள்ளி வேன் வாசலில் வந்து நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அந்த எல்.கே.ஜி. இடத்துக்கு அரசே கட்டணம் கட்டுகிறது. அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் சேர்க்கிறது. 2019இல் 2381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. தொடங்கினார்கள், அவையும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்தவை. சின்னப் பள்ளிக்கு ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளை வாசலிலேயே பறிகொடுத்துவிட்டு, எண்ணிக்கை இல்லை, மூடு என்கிறோம். கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள், உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது?

கரிசல்காட்டான்:
அந்த வேனில்தான் போகிறாள். மறைக்க என்ன இருக்கிறது? அவள் வகுப்பில் முப்பது பேர், ஆண்டு விழா, விளையாட்டு எல்லாம் உண்டு. ஊர்க்காரர்கள் வேனைத் தேடிப் போவதும் ஒரு தீர்ப்புதானே? அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் அதே கூட்டம் கிடைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

சாக்பீஸ்:
அப்படியானால் வண்டி முதலில் வரட்டும். தொலைதூரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து உதவி ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இருக்கிறது. எந்த மாதமும் தவறாமல் வண்டி வரும் என்று எழுதிக் கொடுப்பவர் யார்?

மேட்டுத்தெரு:
ஒருவரும் கொடுக்க மாட்டார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பள்ளி இங்கேயே இருக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறோம்.

கரிசல்காட்டான்:
கொண்டுவாருங்கள். எதிர்த்துப் பேச நானும் வருவேன்.