பிரெட்டன் வுட்ஸ்: மலையடிவாரச் சிற்றூரில் எழுந்த பெருவிடுதி

கேள்வி:
அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வாஷிங்டன் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பிரெட்டன் வுட்ஸ், போருக்குப் பிந்தைய உலக நாணய ஏற்பாட்டை வகுத்த 1944ஆம் ஆண்டு மாநாட்டினால் பொருளியல் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் மாநாடு நடந்த மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு. அவ்வளவு சிறிய ஊரில் இத்தனை பெரிய விடுதியை யார், எதை நம்பிக் கட்டினார்கள்? போர் முடியாத நிலையில் 44 நாடுகளின் பிரதிநிதிகளை அங்கே அழைத்தது ஏன்?

பதில் 1:
கட்டியவர் ஜோசப் ஸ்டிக்னி. நிலக்கரியிலும் ரயில்வேயிலும் பெரும்பொருள் ஈட்டியவர். சார்லஸ் ஆலிங் கிஃபோர்டு வரைந்த திட்டப்படி, ஏறத்தாழ 250 இத்தாலியக் கைவினைஞர்கள் உழைத்து முடித்த விடுதி 1902 ஜூலையில் திறக்கப்பட்டது. ஸ்டிக்னியோ மறு ஆண்டே காலமானார். அவர் நம்பியது ரயிலைத்தான். பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் செல்வக் குடும்பங்கள் கோடை வெப்பத்துக்கு ஒதுங்கி, வேலையாட்களோடும் பெட்டி படுக்கைகளோடும் ரயிலேறி வந்து வாரக்கணக்கில் தங்குவது அக்காலத்து வழக்கம். மோட்டார் கார் பரவியபின் ஒரே இடத்தில் கோடையைக் கழிப்பவர்கள் குறைந்தார்கள்; அந்த மலைப்பகுதியின் பெருவிடுதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அருகிலிருந்த ஃபேபியன் ஹவுஸ் 1951இலும், கிராஃபோர்டு ஹவுஸ் 1977இலும் தீக்கு இரையாயின. இது எஞ்சி நிற்பதையே பெரும்பேறாகக் கருதுகிறேன்.

பதில் 2:
இரண்டாம் கேள்விக்கு என் விடை இது. ஜூலை மாதத்துத் தலைநகர் வாஷிங்டனின் வெயிலுக்கு, பிரிட்டிஷ் குழுவின் தலைவரும் இதய நோயாளியுமான பொருளியல் அறிஞர் கெய்ன்ஸ் மிகவும் அஞ்சினார். குளிர்ந்த இடம் வேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். அதைவிட வலுவான காரணம் அரசியல் என்பது என் கருத்து. ஒப்பந்தத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டதால், நியூ ஹாம்ப்ஷயரின் குடியரசுக் கட்சி செனட்டர் சார்லஸ் டோபியின் ஆதரவைப் பெற அவருடைய மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தது அரசுக்குப் பயன்பட்டது. போரினால் மூடிக் கிடந்த விடுதியை அவசர அவசரமாகச் செப்பனிட்டார்கள். ஜூலை 1 முதல் 22 வரை நடந்த மாநாட்டுக்குச் சுமார் 730 பேர் வந்து குவிந்ததால் அறைகள் போதாமல், சிலரை அக்கம்பக்கத்து விடுதிகளில் தங்கவைக்க வேண்டியதாயிற்று. பன்னாட்டு நாணய நிதியமும் உலக வங்கியும் அங்கே உருப்பெற்றன; ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்ற அடிப்படையில் நாணய மாற்று முறையும் அமைந்தது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. இந்தியாவின் சார்பில் யார் சென்றார்கள்? விடுதி இன்றும் இயங்குகிறதா?

பதில் 3:
அன்றைய பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதிப் பொறுப்பாளர் ஜெரமி ரைஸ்மன் தலைமையில் சென்ற குழுவில் சி. டி. தேஷ்முக், ஏ. டி. ஷ்ராஃப் ஆகியோருடன் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். பின்னாளில் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானவர் அவர்தான். போர்ச் செலவுக்காகப் பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் இருப்பைப் (பவுண்டு நாணயத்தில் சேர்ந்திருந்த கடன் தொகையை) பற்றி அக்குழு உறுதியோடு வாதிட்டது. கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றாலும், அடிமை நாடாக இருந்துகொண்டே அவ்வாறு பேசியதை நாம் இன்னும் விரிவாக எழுதியிருக்க வேண்டும். விடுதி 1986இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1991இல் உள்ளூர்த் தொழில்முனைவோர் சிலர் சேர்ந்து அதை வாங்கிப் புதுப்பித்தார்கள். கோடையில் மட்டும் திறந்திருந்த கட்டடம் இப்போது பனிக்காலத்திலும் விருந்தினரை ஏற்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தான ‘கோல்டு ரூம்’ என்ற அறையையும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.