உள்ளயும் சேர்த்தா அது பந்து, தோல் மட்டும்னா கோளம்

வணக்கம். கணிதத்துல வர்ற sphere, ball ரெண்டுல, ball-க்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்ங்கற பேச்சுல கோளம், திண்மக் கோளம், உருண்டை, பந்துன்னு பல யோசனை வந்திருக்கு. இதுல ரெண்டுக்குமே கோளம்னு வச்சுக்கலாமேங்கறதை என்னால ஒத்துக்க முடியல. பள்ளிக்கூடக் கணக்குல புறப்பரப்பு கேட்டாலும் கோளம்தான், கனஅளவு கேட்டாலும் கோளம்தான், அங்க ஒண்ணும் குழப்பம் வரல. ஆனா மேல்கணிதத்துல கோளம்னா மையத்துலருந்து சரியா ஆரத்தோட தூரத்துல இருக்குற புள்ளிங்க மட்டும்தான், வெறும் தோல். உள்ள இருக்குறதையும் சேர்த்துச் சொல்ல தனிப் பேர் வேணும். வட்டம், வட்டத்தட்டுன்னு பிரிச்சுச் சொல்றோம்ல, அதே மாதிரி.

திண்மக் கோளம் நல்ல சொல்தான், ஆனா முப்பரிமாணத்தை விட்டு வெளிய போனா நிக்காது. ஒற்றைப் பரிமாணத்துல உள்ளயும் சேர்ந்த இந்தப் பொருள் வெறும் கோட்டுத்துண்டு, அதைப் போய் திண்மம்னு எப்படிச் சொல்றது?

உருண்டைக்கும் ஒரு சிக்கல் இருக்கு. கட்டம் போட்ட தாள்ல கோடுங்க சந்திக்கிற ஒரு புள்ளியை மையமா வச்சு, கோடு வழியா மட்டும் நடக்கலாம், குறுக்கே போகக் கூடாது, ஒரு கட்டத்தோட பக்கம்தான் ஒரு அடி, அந்த அடிக் கணக்குதான் தூரம்னு வச்சுக்கங்க. மூணு அடிக்குள்ள போகக்கூடிய கட்டப்புள்ளிங்களை எண்ணுங்க, மையத்தையும் சேர்த்து 25 வரும். சரியா மூணு அடியில இருக்குறது 12. அந்த 12 தான் கோளம், 25-ம் சேர்ந்தது நமக்குப் பேர் வேண்டிய பொருள், போட்டுப் பாத்தா சாய்ச்சு நிறுத்துன சதுரமா நிக்குது! இதை உருண்டைன்னா மாணவர் மிரண்டுடுவாங்க.

அதனால என் ஓட்டு பந்துக்கு. பந்தும் உருண்டைதானேன்னு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா உருண்டைங்கறது வடிவத்தையே சொல்ற சொல், பந்து ஒரு பொருளோட பேரு, பேரை வேற வடிவத்துக்கு நீட்டிக்கிறது சுலபம். உள்ள காத்துதானே இருக்குன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், அது ரப்பர் பந்து. நூல்பந்தை நினைச்சுப் பாருங்க, நடுவுலருந்து சுத்திச் சுத்தி விளிம்பு வரைக்கும் நூலாவே நிறைஞ்சிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

சொல் சின்னதா இருக்குறதால அடைமொழியும் நல்லா ஒட்டுது: விளிம்பை விட்டா திறந்த பந்து, சேர்த்தா மூடிய பந்து. திறந்த திண்மக் கோளம்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

ஆரம் ஒண்ணா இருந்தா அலகுப் பந்தா, ஓரலகுப் பந்தா? எனக்கு முதலாவதுதான் பிடிச்சிருக்கு, நீளம் ஒண்ணா இருக்குற வெக்டாரை அலகு வெக்டார்னு ஏற்கனவே பழகிட்டோம். உங்க கருத்தைச் சொல்லுங்க.