மதுரையிலிருந்து வெளிநாட்டு விமானங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரை டிக்கெட் கடை:
மதுரையில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழில் எனக்கு. கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது, "இங்கேயிருந்து நேரா மலேசியாவுக்கு எப்போ சார் விடுவாங்க?" மகளின் பிரசவத்துக்குக் கோலாலம்பூர் கிளம்பிய மேலூர் அம்மா ஒருவர் சமீபத்தில் வந்திருந்தார். திருச்சி போய்த்தான் ஏற வேண்டும் என்றதும், "நம்ம ஊர்ல பிளேன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியுதே தம்பி" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மதுரையின் முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் கொழும்புக்கு விட்டது. பிறகு துபாய், சிங்கப்பூர். 2025 ஜூனில் இண்டிகோவின் அபுதாபி. இத்தனை வருஷத்துக்கு இது குறைவுதான். ‘சர்வதேச விமான நிலையம்’ என்று அறிவித்தால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். திருச்சி, கோவை இரண்டுக்குமே அந்தத் தகுதி 2012 அக்டோபரில் கிடைத்தது. ஆனாலும் திருச்சிக்கு வருகிற அளவுக்கு வெளிநாட்டு கம்பெனிகள் கோவைக்கு வருவதில்லை.

வித்தியாசம் இருதரப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறது. வெளிநாட்டு கம்பெனி எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்று இரண்டு அரசுகளும் எழுதி வைத்திருக்கும். ‘பாயிண்ட் ஆஃப் கால்’ என்பது அதுதான். மலேசியா, சிங்கப்பூர் உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய நாடுகளின் (ஆசியான்) கம்பெனிகளுக்கு இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சி ஒன்று. ஸ்கூட், ஏர்ஏசியா, பாத்திக் எல்லாம் அங்கே இறங்குவது அதனால்தான். மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. இலங்கையோடு அந்தச் சிக்கல் இல்லாததால் ஸ்ரீலங்கன் இங்கே வருகிறது. நம் நாட்டு கம்பெனிகளுக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் துபாய்க்கு வாரம் சுமார் 65,000 இருக்கை என்று ஒரு வரம்பு இருக்கிறது, அது நிரம்பிக் கிடக்கிறது. அபுதாபிக்குத் தனிக் கணக்கு. 2024 ஆகஸ்டில் இண்டிகோ கோவை, திருச்சியிலிருந்து அபுதாபிக்குத் தொடங்கி அடுத்த வருஷம் மதுரைக்கும் வந்ததற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

ராம்நாடு – அபுதாபி:
அபுதாபியில் முசாஃபா பகுதியில் வேலை பார்க்கிறேன். முன்பெல்லாம் ஊருக்கு வருவதென்றால் திருச்சி இல்லையென்றால் திருவனந்தபுரம். இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி மாறி வீடு சேர வேண்டும். மதுரையில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் ராமநாதபுரம். அண்ணன் வண்டியோடு வெளியே நிற்பார். அந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் அந்த விமானம் தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாள்தான். அத்தாவுக்கு முடியாமல் போன தகவல் வந்தது விமானம் இல்லாத நாளில். திருச்சி வழியாகத்தான் வந்தேன். அதனால் புது ஊர்களைக் கேட்பதற்கு முன், இருப்பதைத் தினசரி ஆக்கச் சொல்லிக் கேட்போம். வளைகுடாவில் கூலி வேலை செய்கிறவனுக்கு அதுதான் பெரிய உதவி.

காரைக்குடி:
எங்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம். அம்மாவை கோலாலம்பூருக்கு வழியனுப்பத் திருச்சிக்குத்தான் போவோம். புது டெர்மினல் வந்த பிறகு வயதானவர்களுக்கு நல்ல வசதி. மதுரை எங்களுக்கு அவசரம் இல்லை. ஆனால் விருதுநகர், தேனிப் பக்கத்துக்காரர்கள் விடியற்கால விமானத்துக்கு முந்தின ராத்திரியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக மதுரைக்கு அந்த விமானம் வரத்தான் வேண்டும்.

பெருங்குடி பக்கம்:
எல்லோரும் பயணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என் சித்தி வீடு மதுரை விமான நிலையத்தை ஒட்டிய சின்ன உடைப்பு கிராமத்தில். ஓடுபாதை நீட்டிப்புக்கு நிலம் எடுக்கும்போது, வீட்டுக்குப் பணம் மட்டும் போதாது, மாநகராட்சி எல்லைக்குள்ளேயே மாற்று இடம் வேண்டும் என்று 2024 நவம்பரில் ஊரே போராட்டத்தில் உட்கார்ந்தது. நானும் போய் உட்கார்ந்தேன். "நாங்க பிளேன் வேண்டாம்னு சொல்லல, எங்களை எங்கே கொண்டுபோய் விடுவீங்கன்னு தானே கேக்கறோம்" என்று சித்தி சொன்னார். மதுரை வளரணும் என்கிறவர்கள் இதற்கும் சேர்த்துப் பேசுங்கள்.

மதுரை டிக்கெட் கடை:
பெருங்குடித் தோழருக்கு: நீங்கள் சொல்வது நியாயம். இன்னொன்றும் இருக்கிறது. இப்போதைய ஓடுபாதை சுமார் 7,500 அடி. ஏ320, போயிங் 737 இறங்க அது போதும். வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் திருச்சியிலிருந்து போகிறவை பெரும்பாலும் அந்த அளவு விமானங்கள்தான். நீட்டிப்புக்குப் பிறகு வரும் 12,500 அடி என்பது பெரிய விமானங்களுக்கான கணக்கு. ஆகவே நாம் கேட்கிற கோலாலம்பூர் விமானம் ஓடுபாதை நீட்டிப்புக்காகக் காத்திருக்கவில்லை. சின்ன உடைப்பு மக்களை அவசரப்படுத்த அதை யாரும் காரணமாகச் சொல்லக் கூடாது.

2024 அக்டோபர் முதல் மதுரை 24 மணி நேர விமான நிலையம். பகலில் உள்நாட்டில் ஓடும் விமானத்தை ராத்திரி வளைகுடாவுக்கு அனுப்பி, விடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது. கம்பெனிகளுக்கு அந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

ராம்நாடு தம்பி சொன்ன தினசரி சேவையை நம் நாட்டு கம்பெனிகளிடம் இப்போதே கேட்கலாம். கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். அதற்குச் சில மாதம் முன்பே எழுதுங்கள், எந்த ஊர், எந்தக் கிழமை என்று குறிப்பிட்டு. மலேசியா, சிங்கப்பூர் கம்பெனிகள் வர வேண்டுமென்றால் பட்டியலில் மதுரை சேர வேண்டும். அது டெல்லியில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கையில். உங்கள் எம்.பி.க்கு எழுதும்போது ‘சர்வதேச அந்தஸ்து’ என்று மட்டும் எழுதாமல், ஒப்பந்தத்தில் மதுரையைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.