ஆர்எக்ஸ் 100: கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் துப்புகிறது, போர் எடுக்கத்தான் வேண்டுமா?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பா காலத்து யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். காலையில் கிக்கரை உதைத்துக் கால் ஓய்ந்த பிறகுதான் உயிர் பிடிக்கிறது. ஐட்லிங் நிற்பதில்லை. பாபநாசம் மேட்டில் முக்குகிறது. வேகம் பிடித்துவிட்டாலோ பழையபடி பறக்கிறது. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. உள்ளூர் மெக்கானிக் போர் எடுத்து, அதாவது சிலிண்டரின் உட்குழலைக் கடைந்து, புது பிஸ்டன் போடச் சொல்கிறார். ஒருமுறை கடைந்த சிலிண்டரைத் திரும்பப் பழைய அளவுக்கு எளிதில் கொண்டுவர முடியாதே என்று மனம் ஒப்பவில்லை.

பாளை பட்டறை:
தம்பி, அவசரப்படாதீர்கள். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது கால் அடியில் நல்ல எதிர்ப்பு இருக்கிறதா? ஏர் ஃபில்டர் காய்ந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா?

அம்பைக்காரன்:
எதிர்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஃபில்டர் எண்ணெயும் பெட்ரோலுமாக ஊறிக் கிடக்கிறது.

பாளை பட்டறை:
அப்படியானால் முதலில் ரீட் வால்வைப் பாருங்கள். கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழிக் கதவு அது. இந்த வண்டியில் அது சிலிண்டரின் பின்புறம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது சிலிண்டருக்குக் கீழுள்ள கிராங்க் கேஸில் அழுத்தம் குறைகிறது. அந்த இழுவையில் மெல்லிய எஃகு இதழ்கள் வளைந்து திறக்க, பெட்ரோல் கலந்த காற்று உள்ளே போகிறது. பிஸ்டன் இறங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி இதழ்களைச் சாத்துகிறது. கலவை பக்கத்து வழிகளில் சிலிண்டருக்கு ஏறுகிறது. கேமும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது. இதழின் நெகிழ்வுதான் எல்லாம். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் வினாடிக்கு 100 தடவை வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில் அப்படி அடித்தால் எஃகும் களைத்துப்போகும்: நுனி சிதறும், அடியில் விரிசல் விடும், அல்லது வளைந்தபடியே நின்றுவிடும்.

சரியாகச் சாத்தாத இதழ் வழியே கலவை கார்புரேட்டருக்கே திரும்புகிறது. வெளியே போகும்போதும் அந்தக் காற்று, கார்புரேட்டரின் பெட்ரோல் துளையான ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். மைலேஜ் குறைவது அதனால்தான். வேகம் கூடினால் கசிய நேரம் குறைவு, உள்ளே பாயும் காற்றின் உந்தமும் அதிகம். மேட்டில் முக்கிச் சமதளத்தில் பறக்கும் வண்டிக்கு இதுவே காரணம். போர் தேய்ந்திருந்தால் கிக்கர் எதிர்ப்பு முதலில் குறைந்திருக்கும்.

தென்காசி முருகையா:
கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ஆயில் சீல் போயிருந்தாலும் ஐட்லிங் கெடுமே அண்ணாச்சி?

பாளை பட்டறை:
கெடும். ஆனால் அங்கே வெளிக்காற்று உள்ளே நுழைவதால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் இரைந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டர் வாயில் துப்பாது.

அம்பைக்காரன்:
ரீட் வால்வைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓர் இதழ் சாத்தும் இடத்தில் சரியாகப் படியாமல் கீற்றாக வெளிச்சம் தெரிகிறது. அதில் ஒரு மூலை நேர்க்கோட்டில் சுத்தமாக வெட்டியிருக்கிறது. எதிர் மூலை நகத்தால் கிள்ளியது போல் சொரசொரப்பாக உடைந்திருக்கிறது. திருப்பிப் போட்டால் ஓடுமா?

பாளை பட்டறை:
சுத்தமான வெட்டு, கம்பெனி வைத்த அடையாளம்; இதழ் அளவுக்கு மேல் வளையாமல் தாங்கும் தடுப்புத் தகட்டிலும் அதே வெட்டு இருக்கும், இரண்டும் ஒரே பக்கம் வர வேண்டும். எதிர் மூலைதான் உடைசல். திருப்பிப் போடாதீர்கள், வேறு இதழ் வாங்குங்கள். அதைவிட முக்கியம்: உடைந்த துணுக்கு எங்கே? கிடைக்கும்வரை கிக்கரைத் தொடாதீர்கள். எஃகுத் துணுக்கு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே சிக்கினால் போரில் கீறல் விழும். அப்புறம் உண்மையிலேயே கடைய வேண்டிவரும்.

அம்பைக்காரன்:
சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தோம். துணுக்கு கிராங்க் கேஸின் அடியில் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தது, காந்த முனையால் எடுத்துவிட்டோம். போரில் கீறல் இல்லை. பழைய பிஸ்டனையே போடுகிறேன்.

பாளை பட்டறை:
மனம் நிறைந்தது. கேஸ்கட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். இதழ் ஸ்க்ரூக்களில், கழலாமல் பிடிக்கும் பசையான லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, லேசான கைவிசையில் மட்டும் இறுக்குங்கள். மிகச் சிறிய ஸ்க்ரூ, அழுத்தினால் மரை போய்விடும். அதிகக் காற்று வரட்டும் என்று யாராவது தடுப்புத் தகட்டை வளைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். இதழ் கூடுதலாக வளைந்து சீக்கிரம் உடையும். வண்டி நின்றுவிடாமலிருக்க ஐட்லிங் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருப்பீர்கள். இன்ஜின் சூடான பிறகு அதை இறக்கிவிடுங்கள்.