கண்மாய் வேலை: பணம் அனுப்புவதற்கு முன்னால்

சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

துபாயிலிருந்து தம்பி கேட்டிருந்தார்: "ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பத்து லட்சம் சேர்த்து அனுப்பினால் கண்மாயைத் தூர்வாரிவிடலாமே, அதற்கு ஏன் அண்ணே இத்தனை கூட்டம்?" நியாயமான கேள்விதான். 2019இல் நாம் செய்ததும் அதேதான். அப்போது பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வாரம் பொக்லைன் ஓடியது. உள்வாயில் இருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். குழுவில் படம் போட்டு எல்லோரும் மகிழ்ந்தோம். ஐப்பசி அடைமழையில் பக்கத்து ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் போனது. நம் கண்மாயில் கணுக்கால் அளவுதான் நின்றது. மடை திறந்துவிடும் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் வழியே நடந்தார். மூன்றாவது ஊர் தாண்டி ரோட்டுச் சிறுபாலத்தடியில் இறங்கி, கையிலிருந்த கம்பைக் குழாய் வாயில் நிறுத்திக் காட்டினார். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரைக்கு முழங்கால் உயரம் மேலே இருந்தது. "தண்ணி மேடேறுமாப்பா?" என்றார். இன்னொரு தவறும் அன்றுதான் தெரிந்தது. மடைக்குப் பக்கத்தில் மடை மட்டத்துக்கும் கீழே பள்ளம் தோண்டிவிட்டோம். அந்தப் பள்ளத்தில் நிற்கிற தண்ணீர் ஒரு வயலுக்கும் பாயாது.

அந்தப் பெரியப்பாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

கண்மாய் ஊர்ப் பொதுச்சொத்து என்கிறோம். ஆனால் அதன் தண்ணீர் பல கைகள் வழியாகத்தான் வருகிறது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்பதால் கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம் இருந்திருக்கும். சிறுபாலம் நெடுஞ்சாலைக்காரர்களுடையது. வரத்துக்காலை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்க வருவாய்த் துறை வேண்டும். அதற்கென்றே 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வழியில் உள்ள மூன்று ஊர்க்காரர்களின் மனசு ஒத்துவராமல் எந்தச் சட்டமும் அங்கே செல்லாது. இதில் பத்து லட்சத்தால் மட்டும் தீர்கிற வேலை எது?

மதுரை தானம் அறக்கட்டளை 1990களிலிருந்து 'வயலகம்' என்ற பெயரில் கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டிவருகிறது. ஆயக்கட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போடுகிறார்கள். 2017இல் அரசு கொண்டுவந்த, நீர்நிலைகளைச் சீர்செய்யும் குடிமராமத்துத் திட்டத்திலும் 10 சதவீதம் விவசாயிகளின் பங்காக இருந்தது. பணமில்லாதவர் உழைப்பாகக் கொடுக்கலாம் என்றிருந்தது. அந்தப் பங்குதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். தன் காசு போட்டவன் கரையில் மண் சரிந்தால் மறுநாளே போய்ப் பார்ப்பான். 2019இல் எல்லாவற்றையும் நாமே கொடுத்தோம். வேலை முடிந்த பிறகு அது 'வெளிநாட்டுக்காரர்கள் வெட்டிய கண்மாய்' ஆகிவிட்டது.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியைப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட மண் அது. அடுத்த ஆண்டே இளைஞர்கள் கைஃபா என்ற விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, ஊரில் வசூல் செய்து, 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வார இறங்கினார்கள்.

கம்பெனிப் பணமும் கிடைக்கும். 2013 கம்பெனிகள் சட்டப்படி, லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிப்பட்ட பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஆனால் நம் சங்கத்திடம் வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் இல்லை, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்தை வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவமும் இல்லை. இவையெல்லாம் உள்ள தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்துதான் கேட்க முடியும். அவர்களிடம் பொறியாளரும் இருப்பார். மடை மட்டம் பார்த்துச் சொல்ல அவர் நமக்குக் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ரொம்ப முக்கியம், எல்லோரும் கவனமாகப் படியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு உள்ள நிறுவனம் மட்டுமே, டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில், அதை வாங்கலாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிவிடவும் முடியாது. தயவுசெய்து யாரும் அவசரப்பட்டுச் சங்கக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். யாரிடம் எந்தப் பாஸ்போர்ட் என்று எனக்குத் தனி மடலில் எழுதுங்கள்.

ஆயக்கட்டுக்காரர்கள் கூட்டம் போட்டு, தங்கள் பங்கைத் தீர்மானமாக எழுதிய பிறகு நாம் வசூலைத் தொடங்கலாம். பொங்கலுக்கு ஊருக்கு வருபவர்கள் மாட்டுப்பொங்கலன்று காலை ஆறு மணிக்குச் சிறுபாலத்தடிக்கு வந்துவிடுங்கள். பெரியப்பாவும் வருகிறார். அங்கிருந்து கண்மாய் வரை வரத்துக்காலிலேயே நடக்கப்போகிறோம். கருவேல முள் கிடக்கும், நல்ல ஷூ போட்டு வாருங்கள்.