அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஸ்டேஜ் 2பி. 5 வருஷக் கணக்குன்னா என்ன அர்த்தம்?

நெல்லைப்பொண்ணு:
அம்மாவுக்கு 54 வயசு. வலது மார்புல 2.8 செ.மீ. கட்டி, அக்குள்ல 2 நெறிக்கட்டுல பரவியிருக்கு. ஈஆர், பிஆர் பாசிட்டிவ் (ஹார்மோனால வளர்ற வகையாம்), ஹெர்2ங்கிற புரதம் நெகட்டிவ். ராத்திரி முழுக்கத் தேடினேன். இந்தியாவுல 5 வருஷம் தாண்டுறவங்க 66 சதவீதம்னு பார்த்ததும் போனைக் கவுத்து வச்சுட்டேன். காலையில அம்மா, "போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. முடியுது. திரும்ப 5 வருஷத்துக்குப் போடட்டா, வேண்டாமா?"ன்னு கேட்டா. எனக்கு வாயே வரலை. பட்டவங்க யாராவது சொல்லுங்க.

மதுரை அக்கா:
தங்கச்சி, அந்த 66, 2010 முதல் 2014 வரை நோய் தெரிஞ்சவங்க கணக்கு. எல்லா ஸ்டேஜும் சேர்த்து. கட்டி புண்ணாகிற வரைக்கும் வெளியே சொல்லாம இருந்துட்டு வர்றவங்களும் அதுக்குள்ள இருக்காங்க. அமெரிக்காவுல பிரிச்சுப் போட்டிருக்காங்க: மார்போட நின்னா 99, அக்குள் வரைக்கும் வந்திருந்தா 87 கிட்ட, எலும்பு, நுரையீரல்னு போயிருந்தா 30க்குக் கொஞ்சம் மேல. உங்க அம்மா நடுவுல இருக்காங்க. 5 வருஷம்ங்கிறது கணக்கு எடுக்கிறவங்க போட்ட கோடு. அதோட ஆயுசு முடியுதுன்னு இல்லைம்மா.

எனக்கு 2014ல வந்துச்சு, 41 வயசு, 3 நெறிக்கட்டு. ஆபரேஷன், 4 தடவை சிவப்பு கீமோ மருந்து, வாரம் ஒண்ணா 12 தடவை பாக்லிடாக்சல்ங்கிற கீமோ, 25 நாள் கரண்ட் (கதிர்வீச்சு). ஆபரேஷனுக்கு அப்புறம் கையைத் தோளுக்கு மேல தூக்க முடியலை. சமையக்கட்டுச் சுவத்துல விரலால ஏறி, எட்டின இடத்துல பென்சில் கோடு போடுவேன். முதக் கோடு ஸ்விட்ச் போர்டு உயரம். 6 வாரத்துல மேல் அலமாரி. வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிட்டேன். ஹார்மோனைத் தடுக்கிற டமாக்சிஃபென் மாத்திரை 10 வருஷம். நடு ராத்திரி உடம்பு குப்புனு எரிஞ்சு ஜாக்கெட் நனையும். ஒரு நாளும் விடலை.

மருந்துக்கடைக்காரன்:
அக்கா விடாததுதான் விஷயம். ஈஆர் பாசிட்டிவுக்கு அந்த மாத்திரையை 5 வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா, அந்தக் காலத்துல நோய் திரும்புறது கிட்டத்தட்ட பாதியா குறையுது. மாதவிடாய் நின்னிருந்தா பெரும்பாலும் அதுக்குப் பதிலா லெட்ரோசோல் மாதிரி மாத்திரை கொடுப்பாங்க. அது எலும்பைத் தேய்க்கும், எலும்பு பலம் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. இந்த வகை 5 வருஷம் கழிச்சும் திரும்பலாம். நல்லாத்தானே இருக்கேன்னு ரெண்டாவது வருஷமே மாத்திரை வாங்க வராம நின்னுபோற அம்மாக்களைப் பார்க்கிறேன், மனசு ஆறலை.

கரூர் தம்பி:
என் அக்காவுக்கு ஸ்டேஜ் 1தான். கத்தி வைக்கப் பயந்து நாட்டு மருந்துக்குப் போனா. 14 மாசம் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப ஈரல் வரைக்கும் போயிருந்துச்சு. இப்ப அவ இல்லை. யார் என்ன சொன்னாலும் ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீங்க.

நெல்லைப்பொண்ணு:
தள்ளலை அண்ணா, வர்ற புதன்கிழமை. மதுரை அக்கா எழுதினதை அம்மாகிட்ட வாசிச்சேன். பென்சில் கோடு வந்ததும் "திரும்ப வாசி"ன்னா. ஆர்.டி. ஃபாரம் வாங்கியாச்சு. மாசம் 500 கட்டினவ இப்ப 1000ன்னு எழுதியிருக்கா.