சடலம் கிடைக்காத கொலை வழக்கில் தண்டனை விதிப்பது தகுமா?

வள்ளியாறு எழுதியது:
சிட்னி நகரில் 1982 ஜனவரியில் காணாமற்போன லினெட் டாசன் என்ற பெண்ணைக் கொன்றதாக, அவருடைய கணவர் கிறிஸ் டாசனுக்கு 2022-இல் 24 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2024-இல் அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியானது. நாற்பது ஆண்டுகளில் ஓர் எலும்புத் துண்டுகூடக் கிடைக்கவில்லை, ஆயுதம் இல்லை, கண்ணால் கண்ட சாட்சியும் இல்லை. எப்படிக் கொன்றார், எங்கே கொன்றார் என்பதற்குத் தீர்ப்பிலும் விடை இல்லை. இதை நீதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கிலாந்தின் கேம்ப்டன் ஊரில் 1660-இல் வில்லியம் ஹாரிசன் என்ற முதியவர் காணாமற்போனார். அவருடைய வேலையாளே, தன் தாயும் உடன்பிறந்தானும் சேர்ந்து அவரைக் கொன்றதாகச் சொன்னான். மறு ஆண்டு மூவரையும் தூக்கிலிட்டார்கள். 1662-இல் ஹாரிசன் தம் காலால் நடந்து ஊர் திரும்பினார். கொலை நடந்தது நிரூபணமாகாமல், உடலையும் காணாமல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாகாது என்று அக்காலத்து நீதிபதி மேத்யூ ஹேல் எழுதி வைத்ததை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்க முடியுமா?

பத்மநாபபுரம் வக்கீல் எழுதியது:
ஹேல் கூறியது எச்சரிக்கையே அன்றிக் கட்டளை அன்று. அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டவர்களுள் ஒருவர் லண்டனில் பிடிபட்ட ஜான் ஹெய்க். உடல் இல்லையேல் வழக்கில்லை என்று நம்பி, தாம் கொன்றவர்களின் உடல்களை அமிலத்தில் கரைத்தார். 1949-இல் கடைசியாகக் கொலையுண்ட மூதாட்டியின் பித்தப்பைக் கற்களும் செயற்கைப் பற்களும் கரையாமல் எஞ்சி அவரைக் காட்டிக்கொடுத்தன. அந்தக் கற்களும் கரைந்திருந்தால் அவரை விட்டுவிட வேண்டுமா?

நம் உச்ச நீதிமன்றம் 1991-இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற சேவகப்பெருமாள் வழக்கில் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. இறப்பு என்பது ஏனைய உண்மைகளைப் போலவே நிரூபிக்கப்பட வேண்டியது. உடலைக் கண்டெடுத்தே ஆக வேண்டும் என்று விதித்தால், உடலை அழித்துவிடும் சாமர்த்தியசாலிக்கு முழு விடுதலை கிடைத்துவிடும் என்பதே அதன் சாரம். ஒரு பக்கம் பேச்சிப்பாறைக் காடும் மறுபக்கம் கடலும் உள்ள நம் குமரி மாவட்டத்தில் ஓர் உடலை மறைக்கப் பெரிய சாமர்த்தியம்கூடத் தேவையில்லை.

லினெட்டுக்கு இரண்டு சிறு பெண்குழந்தைகள். அவர்களையோ தம் தாயையோ பின்னர் அவர் தொடர்புகொண்டதற்கு நம்பத்தக்க சான்று ஒன்றும் இல்லை. கணவர் ஆசிரியராக இருந்த பள்ளியில் படித்த இளம்பெண் ஒருவர் சில நாட்களிலேயே அவ்வீட்டில் குடியேறினார். மனைவி தம்மிடம் தொலைபேசியில் பேசியதாகக் கணவர் சொன்னதைப் பொய் என்றே நீதிபதி முடிவு செய்தார். இவை எல்லாம் ஒன்றுசேர்ந்த பிறகும் அந்தப் பெண் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று வள்ளியாறு நண்பர் உண்மையாகவே நம்புகிறாரா?

தூத்தூர் கரை எழுதியது:
வக்கீல் ஐயா, கடலை எடுத்துக்காட்டாகச் சொன்னதால் எழுதுகிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது என் அண்ணன் ஆழ்கடலில் இருந்தார். உடல் வரவில்லை. எங்கள் கரையில் அப்படிப் பல வீடுகள் உள்ளன. ஏழாண்டு செய்தி இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ளலாம் என்னும் சட்ட விதிப்படி காத்திருக்கச் சொல்லாமல் அரசு நிவாரணம் வழங்கியது. ஆகவே உடல் இல்லாமல் ஒருவர் இறந்தார் என்று ஏற்றுக்கொள்ள முடியாது என்று நான் சொல்ல மாட்டேன், நாங்கள் ஏற்றுக்கொண்டவர்கள்.

ஆனால் நாங்கள் எதைக்கொண்டு ஏற்றோம்? புயல் அடித்ததை நாடே அறியும். படகு அந்தத் திசையில் சென்றதைக் கரையில் நின்றவர்கள் கண்டார்கள். இறப்பைக் காட்டும் சான்று, யார் மீதும் பழி சுமத்தாமல் தனியே நின்றது. அதே படகில் சென்று உயிரோடு திரும்பிய ஒருவரைக் காட்டி, இவர்தான் தள்ளிவிட்டார் என்று ஒருவர் சொல்லியிருந்தால், நிவாரணத்துக்குப் போதுமான அந்தச் சான்று அவரைச் சிறைக்கு அனுப்பவும் போதுமா?

ஓய்வுபெற்ற ஏட்டு எழுதியது:
சகோதரி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். காணவில்லை என்ற புகார் வந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது, போனவர் எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதைத்தான். சொந்த விருப்பத்தில் போகிறவர் பணத்தையும் மாற்றுத்துணியையும் அன்றாடம் உண்ணும் மாத்திரையையும் எடுத்துச் செல்வார். இன்று கைப்பேசியும் வங்கிக் கணக்கும் சேர்ந்துவிட்டன. இவையும் புயலைப் போலத் தனியே நிற்கும் சான்றுகள்தாம். யாரையும் குற்றவாளி ஆக்காமலேயே, இவர் உயிரோடு இல்லை என்று சொல்லக்கூடியவை.

உடல் கிடைத்துவிட்டால் எல்லாம் தெளிவு என்று நினைப்பதும் தவறு. குடகில் ஒருவருடைய மனைவி காணாமற்போனார். வேறெங்கோ கிடைத்த எலும்புக்கூட்டை அவருடையது என்று வைத்துக் கணவரைக் கைது செய்தார்கள். அவர் ஓராண்டுக்கு மேல் சிறையில் இருந்தார். 2025 ஏப்ரலில் அந்த மனைவி மடிக்கேரியில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. அங்கே உடல் இருந்தது, அண்ணாச்சி, அதுதான் கேடாயிற்று. என் துறை செய்த தவறு என்பதால் இதைச் சொல்ல எனக்கு மகிழ்ச்சி இல்லை.

வள்ளியாறு எழுதியது:
ஏட்டு ஐயா சொன்ன குடகு வழக்கு என் அச்சத்தைக் கூட்டுகிறதே தவிரக் குறைக்கவில்லை. கணவன்தான் கொன்றிருப்பான் என்ற முடிவு முதலில் வந்தது. எலும்பு பிறகு அந்த முடிவுக்குள் பொருத்தப்பட்டது. ஆஸ்திரேலியாவிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. 1980-இல் பாலைவனப் பாறையருகே முகாமிட்டிருந்த லிண்டி சேம்பர்லெய்னின் கைக்குழந்தையைக் காணவில்லை. காட்டுநாய் தூக்கிச் சென்றது என்று தாய் கதறினார். அவர் போதிய அளவு அழவில்லை என்று நாடே பேசியது. காரில் இருந்த கறையைக் குழந்தையின் இரத்தம் என்று நிபுணர்கள் காட்டியதை நம்பி 1982-இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தக் கறையில் பெரும்பகுதி, காரின் ஓசையைக் குறைக்கத் தொழிற்சாலையில் பூசிய பொருள் என்று பின்னர் தெரிந்தது. 1986-இல் குழந்தையின் மேற்சட்டை காட்டுநாய்கள் வாழும் இடத்தருகே கிடைத்தது. 1988-இல் தண்டனை ரத்தாயிற்று. குழந்தையைக் காட்டுநாய்தான் கொண்டுசென்றது என்று மரண விசாரணை அதிகாரி அறிவிக்க 2012 ஆயிற்று. அங்கே இறப்பில் ஐயமே இல்லை. இறப்பு கொலையானதுதான் பிழை.

நம் நாட்டில் இதற்கு ஒரு குறுக்குவழியும் இருக்கிறது. தனக்கு மட்டுமே தெரிந்த செய்தியை அவரவரே விளக்க வேண்டும் என்னும் பழைய சாட்சியச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 109-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. உன்னோடுதானே கடைசியாகக் கண்டோம், நீயே சொல் என்று கேட்டால், ஒன்றும் அறியாதவன் எதைச் சொல்வான்?

பத்மநாபபுரம் வக்கீல் எழுதியது:
அந்தப் பிரிவைக் காட்டி அரசுத் தரப்பு தன் சுமையை இறக்கிவைக்க முடியாது என்று சம்பு நாத் மெஹ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1956-லேயே கூறிவிட்டது. விசாரணை நீதிமன்றங்களில் இது எப்போதும் நினைவில் இருக்கிறது என்று நான் சொன்னால் உடன் பணியாற்றுவோரே சிரிப்பார்கள். அதனால்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடுகள் போகின்றன. 1984-இல் சரத் பிர்திசந்த் சார்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த ஐந்து நெறிகளின்படி, சூழ்நிலைச் சான்றுகளின் சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடலாகாது. அச்சான்றுகள் குற்றத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடம் தரவும் கூடாது.

தூத்தூர் சகோதரிக்கு: ஏழாண்டு விதிகூட இறந்தார் என்று மட்டுமே கொள்ளச் சொல்கிறது. எந்த நாளில், எதனால் என்பதை அது சொல்வதில்லை. அதைக் கோருபவரே நிரூபிக்க வேண்டும். ஆகவே உங்கள் கேள்விக்கு விடை, போதாது என்பதே.

வள்ளியாறு நண்பருக்கு ஒன்றை விட்டுத்தருகிறேன். உடல் எங்கே என்று சொல்லாதவருக்குப் பரோல் இல்லை என்று ஆஸ்திரேலிய மாநிலங்கள் பலவும் சட்டம் இயற்றியுள்ளன. டாசன் வழக்குக்குப் பின் 2022-இல் சிட்னி அமைந்த நியூ சவுத் வேல்ஸ் மாநிலமும் சேர்ந்துகொண்டது. உண்மையிலேயே நிரபராதியான கைதியிடம் சொல்வதற்கு இடம் ஏது? இந்தச் சட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

வள்ளியாறு எழுதியது:
நன்றி, வக்கீல் ஐயா. தாங்கள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் விடை சொல்லவில்லை. கணவர் சொன்ன பொய்களையும் வீட்டுக்கு வந்த இளம்பெண்ணையும் முற்றிலும் நீக்கிவிட்டு, ஒரு தாய் நாற்பது ஆண்டுகள் தன் பிள்ளைகளைத் தேடவில்லை என்பதை மட்டும் வைத்துப் பார்த்தேன். லினெட் இறந்துவிட்டார் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் கொன்றவர் இவரே என்று எழுத, நீக்கிவைத்த அவற்றைத்தான் மீண்டும் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.